பாதிக்கப்பட்ட பொருள்

எங்கள் கம்பெனியில் மன்னிப்புக் கேட்பது என் வேலை. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான் வேலை. குளியலறைக்கு கேஸ் கீசர் செய்து விற்கிற கம்பெனி. வாங்கியவர்கள் திட்டி எழுதுவார்கள், நான் வருந்தி எழுதுவேன். இருபத்தாறு வருஷமாக வருந்திக்கொண்டிருக்கிறேன். வருந்துகிற மும்முரத்தில் கல்யாணம் செய்துகொள்ள மறந்துவிட்டேன் என்று என் தங்கை கேலி செய்வாள். நான் மறக்கவில்லை, யாரும் ஞாபகப்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

கடிதத்துக்கு மூன்று மாதிரிகள் உண்டு. கீசர் பழுதானால் ஒன்றாம் மாதிரி. யாருக்காவது அடிபட்டால் இரண்டாம் மாதிரி. யாராவது செத்துப்போனால் மூன்றாம் மாதிரி. எதிலும் கையெழுத்து என்னுடையது கிடையாது. வாடிக்கையாளர் நல அதிகாரி என்று ஒருவர் போடுவார். அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. யாரோ எந்தக் காலத்திலோ ஒரு பெயரைக் கற்பனை செய்து, கிறுக்கலாக ஒரு கையெழுத்தும் போட்டு, ரப்பர் ஸ்டாம்ப் பண்ணி வைத்துவிட்டார்கள். ஆபீஸில் அந்த ஸ்டாம்புக்கு மச்சான் என்று பெயர். "மச்சான் எங்கே?" என்றால் டிராயரில் என்று பதில் வரும். லீவு கேட்காதவர், சம்பள உயர்வு கேட்காதவர், எல்லாருக்கும் பிடித்த ஒரே அதிகாரி. கடிதம் கிடைத்தவர்கள் யாராவது கோபத்தோடு அவரைத் தேடி வந்தால், சார் வெளியூர் போயிருக்கிறார் என்று வரவேற்பறையில் சொல்லிவிடுவார்கள். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது.

புகார் எழுதுவதற்கு ஒரு படிவம் இருக்கிறது. அதில் கடைசி இரண்டு கட்டங்கள் முக்கியம். ஒன்று, 'பாதிக்கப்பட்ட பொருள்'. குழாய், பர்னர், பைப் என்று எழுதுவார்கள். இன்னொன்று, 'புகார் யார் மீது'. கடைக்காரர் மீது, மெக்கானிக் மீது என்று எழுதுவார்கள்.

போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் ஒரு படிவம் வந்தது. பாதிக்கப்பட்ட பொருள் என்ற இடத்தில் 'என் மனைவி' என்று எழுதியிருந்தது. புகார் யார் மீது என்ற இடத்தில் 'தெரியவில்லை'. பேனாவை அழுத்திப் பிடித்து எழுதிய கை. காகிதத்தின் பின்பக்கம் தடவிப் பார்த்தால் எழுத்து விரலில் தட்டுப்பட்டது.

கூடவே ஒரு தாளில் நடந்ததை எழுதியிருந்தார். மனைவி காலையில் குளிக்கப் போயிருக்கிறார். இவர் வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். முக்கால் மணி நேரம் ஆன பிறகு கதவைத் தட்டியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து தாழ்ப்பாளை உடைத்தபோது அந்த அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம், தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்ததாம். கீசரின் புகைக் குழாய் ஓர் இடத்தில் இணைகிறது. அந்த இணைப்பு நாளடைவில் தளர்ந்தால், வெளியே போக வேண்டிய விஷவாயு உள்ளேயே தங்கிவிடும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

நான் மூன்றாம் மாதிரியை எடுத்தேன். அதில் இரண்டாவது பத்தி இப்படித் தொடங்கும்: 'எங்கள் தயாரிப்பில் இத்தகைய சம்பவம் நிகழ்வது இதுவே முதல் முறை.' அதை அப்படியே டைப் செய்தேன். எல்லாம் முடிந்து மச்சானை எடுக்கப் போகும் முன், மாதிரியில் இல்லாத ஒரு வரியை நானாகச் சேர்த்தேன். 'வீட்டில் பேச்சுத் துணைக்கு யாராவது இருக்கிறார்களா?'

ஏன் சேர்த்தேன் என்றால், அன்று காலையிலிருந்து என்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

பத்து நாளில் பதில் வந்தது. 'மதிப்புக்குரிய ஐயா, யாரும் இல்லை. கேட்டதற்கு நன்றி' என்று தொடங்கி மூன்று பக்கம். அவர் முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர். பிள்ளைகள் இல்லை. சமைக்கத் தெரியாது. அந்தக் குளியலறைக் கதவைச் சாத்தியவர் அதற்குப் பிறகு திறக்கவில்லை, சமையலறைக் குழாயில் வாளி வைத்துக் குளிக்கிறார். நான் பதில் எழுதினேன். அவர் எழுதினார். பதினான்கு மாதம் இது நடந்தது. உப்பு கூடிவிட்டால் ஓர் உருளைக்கிழங்கை வெட்டிப் போடுங்கள் என்று நான் எழுதுவேன், கீழே மச்சான் கையெழுத்து விழும். அவருடைய கடிதங்களை வீட்டுக்கு எடுத்துப்போய், சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பேன். எனக்கென்று தபாலில் வருவது கரண்ட் பில்லும் அதுவும்தான். பில் மாதாமாதம் வரும், அவர் வாராவாரம் வருவார்.

ஒரு கடிதத்தில் தன் பழைய கதை ஒன்றை எழுதியிருந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருடைய பஸ்ஸில் ஒரு சைக்கிள்காரர் அடிபட்டு இறந்துவிட்டார். பிரேக் பிடிக்கவில்லை என்று டிப்போவில் எழுதிக்கொண்டார்கள், இவர் மேல் தப்பில்லை என்றும் சொன்னார்கள். அந்த வீட்டுப் பக்கமே போகாதே என்றும் சொன்னார்கள். 'ஆனால் நான் போனேன் ஐயா. பஸ்ஸால் போய்ச் சொல்ல முடியாதே. அந்தப் பையனின் அம்மா என்னை அடித்தார்கள். அடி வாங்கிக்கொண்டு வந்தேன்' என்று எழுதியிருந்தார். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரணம் என்ன என்று யோசிக்காமல் தட்டைக் கழுவி வைத்தேன்.

சட்டப் பிரிவில் ஒருவர் இருக்கிறார், நாங்கள் அவரைச் சட்டம் என்றே கூப்பிடுவோம். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அவர் மேடம் என்று கூப்பிட்டால் வேலை, அக்கா என்று கூப்பிட்டால் வில்லங்கம். நான் காய்ச்சலில் இரண்டு நாள் லீவு போட்டபோது வந்த கடிதத்தை அவர் பிரித்துவிட்டார்.

"அக்கா, பிரமாதம்க்கா. நம்ம மச்சான் இவ்வளவு கெட்டிக்காரர்னு தெரியாமப் போச்சே."

"அது எனக்கு வந்த கடிதம்."

"மச்சானுக்கு வந்ததுக்கா. மேல எழுதியிருக்கே."

கடிதத்தை நீட்டினார். வாங்கிப் படித்தேன். கீசரால் ஆட்களை இழந்த வேறு சில குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து அரசாங்கச் சோதனை வாரியத்தில் மனு கொடுத்திருக்கின்றன, டிரைவரையும் வந்து கூப்பிட்டிருக்கின்றன. 'நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன் ஐயா. அந்தக் கம்பெனியில் மனசுள்ள மனுஷன் ஒருத்தர் இருக்கிறார், அவர் இருக்கும்போது நான் எப்படி அங்கே போய் நிற்பேன் என்றேன்' என்று எழுதியிருந்தார்.

சட்டம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வாரியம் ஒரு கீசர் கேக்குதுக்கா. மாட்டின இடத்துல, மாட்டின மாதிரியே, கை படாத கீசர். மத்த வீட்லயெல்லாம் நாம புதுசு மாத்திக் குடுத்துட்டோம். இவர் வீட்ல மட்டும்தான் பழசு சுவத்துலயே இருக்கு. மச்சான் ஒரு கடிதம் போடட்டும். சோதிச்சுப் பார்க்கணும், எடுத்துக்கறோம்னு. மச்சான் கேட்டா அவர் மாட்டேன்னு சொல்ல மாட்டார்."

"எடுத்து?"

"எடுத்து என்ன? பழைய இரும்பு."

"கம்பெனிக்கு வருத்தமே கிடையாதா தம்பி?"

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. மத்தியானம் தன் டப்பாவிலிருந்து எனக்கு ஒரு பங்கு வைக்கிற பையன், அதுதான் எரிச்சல். "கம்பெனி நிலம் வாங்கலாம், கேஸ் போடலாம், சட்டப்படி அதுவும் ஒரு ஆள்தான். வருத்தப்படறதுக்கு மட்டும் அதுக்கு உடம்பு இல்லக்கா. அதுக்குத்தானே உங்களை வச்சிருக்கு."

அவர் போன பிறகு அலமாரியில் இருந்த நகல் கட்டை இறக்கினேன். அந்த மாடல் கீசருக்கு நான் அனுப்பிய மூன்றாம் மாதிரிக் கடிதங்களைத் தனியாக எடுத்து வைத்தேன். நான்கு வருஷத்தில் ஒன்பது. ஒன்பதிலும் அதே இணைப்பு. ஒன்பதிலும் 'இதுவே முதல் முறை'. டிரைவரின் மனைவி ஆறாவது.

எனக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொன்றும் என் விரலால் டைப் செய்ததுதான். ஒவ்வொரு தடவையும் அந்தந்த வீட்டுக்கு அது முதல் முறைதானே என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன்.

சட்டம் கேட்ட கடிதத்தையும் எழுதினேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. புதன்கிழமை மத்தியானம் ஆள் வரும், ஒப்புதல் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று எழுதி மச்சானைக் குத்தி அனுப்பினேன். சட்டத்திடம், "மெக்கானிக்கை அனுப்பினா அவர் சந்தேகப்படுவார், நானே போறேன்" என்றேன். "நீங்க தெய்வம்க்கா" என்றார். பையில் ஒப்புதல் சீட்டையும் வைத்தேன், ஒன்பது நகல்களையும் வைத்தேன். எதை வெளியே எடுக்கப்போகிறேன் என்று பஸ் ஏறும்போதுகூட எனக்குத் தெரியாது.

இரண்டு மணி நேரப் பயணம். மூன்றாவது மாடி. கதவு நான் தட்டுவதற்கு முன்பே திறந்தது. இஸ்திரி போட்ட சட்டை, ஒல்லியான உடம்பு. என்னைப் பார்த்தார், பிறகு என் தோளுக்கு மேலாகப் படிக்கட்டைப் பார்த்தார்.

"சார் வரலையாம்மா?"

"இல்லைங்க."

"பரவால்ல. ஆள் வரும்னு எழுதியிருந்தார், அவரே வந்தாலும் வருவார்னு நினைச்சேன். வாங்க, வாங்க."

உள்ளே மேசை மேல் இரண்டு புதுக் கோப்பைகள் இருந்தன. ஒன்றில் விலைச் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. எதிரே குளியலறைக் கதவு, அதன் முன்னால் ஒரு நாற்காலி போட்டு, நாற்காலியில் பழைய பேப்பர்களை அடுக்கியிருந்தார். ஜன்னலோரம் ஒரு பிஸ்கட் டின். மூடாமல் இருந்தது. என் கடிதங்கள் நிற்க வைத்த மாதிரி வரிசையாக இருந்தன.

"அப்படி ஒரு சார் இல்லைங்க" என்றேன்.

"ரிட்டயர் ஆயிட்டாரா?"

"பிறக்கவே இல்ல. அது ஒரு ரப்பர் ஸ்டாம்ப். கடிதமெல்லாம் நான் எழுதினது."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். ஆனால் அவர் சிரித்தார். "உருளைக்கிழங்கு போடச் சொன்னப்பவே நினைச்சேன். இது ஆம்பளைக்குத் தெரிஞ்ச விஷயம் இல்லையேன்னு. உட்காருங்கம்மா, ஏன் நிக்கறீங்க. டீ போடறேன். நல்லாப் போடுவேன் இப்ப."

அடுப்பைப் பற்ற வைக்கிற சத்தம் கேட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் இன்றைக்கும் வாராவாரம் எனக்குக் கடிதம் வந்துகொண்டிருக்கும். விடுமுறை நாட்களில் ஒரு நடை வந்து டீ குடித்துவிட்டுப் போகலாம், என் வீட்டுக்கும் ஒருவர் வருவார், ஐம்பத்திரண்டு வயதில் எனக்கும் போக ஒரு வீடு இருக்கும். ஒப்புதல் சீட்டைக்கூட எடுக்க வேண்டாம், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் டீயோடு வந்தபோது ஒன்பது நகல்களும் மேசை மேல் இருந்தன.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். வரியின் மேல் விரலை வைத்துப் படிக்கிறவர். இரண்டாவது பத்தி வரும்போதெல்லாம் விரல் நின்றது. ஆறாவது தாளில் தன் பெயரைப் பார்த்தார். அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அதற்கு முன்னால் இருந்தவற்றைத் திரும்ப எண்ணினார்.

"அஞ்சு பேருக்கு அப்புறம்தானா இவ?"

"ஆமாங்க."

"இவளுக்கு அப்புறம் மூணு பேர்."

"ஆமாங்க."

டீயில் ஆடை படிந்தது. அவர் குடிக்கவில்லை, நானும் தொடவில்லை. பிறகு, வண்டியில் என்ன கோளாறு என்று விசாரிக்கிற குரலில் கேட்டார். "உங்க வீட்ல என்ன கீசரும்மா?"

"இதேதான். ஆபீஸ்ல எல்லாருக்கும் குடுத்தாங்க."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. பதில் மட்டும் தயாராக இருந்தது.

"இந்த ஒன்பதுல மூணாவது கடிதம் எழுதினதுக்கு அப்புறம், நான் கதவைத் திறந்து வச்சுட்டுத்தான் குளிக்கறேன். தனியாத்தானே இருக்கேன், பார்க்கறதுக்கு யார் இருக்கா."

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அதை ஒரு வரி எழுதியிருக்கலாமேம்மா" என்றார். சத்தம் போடவில்லை. "கதவைத் திறந்து வச்சுக் குளிங்கன்னு. யாருக்காவது. ஒரே ஒரு வரி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவ கேட்டா" என்றார். "அன்னிக்கு உள்ள போயிட்டுக் கேட்டா. ஒரு மாதிரி மூச்சு முட்டுது, கதவைக் கொஞ்சம் திறந்து வச்சுக்கட்டுமான்னு. குளிர் காத்து வரும், சாத்துன்னு நான்தான் சொன்னேன். பேப்பர் படிச்சிட்டு இருந்தேன், நிமிர்ந்துகூடப் பார்க்கல." நாற்காலி வைத்து அடைத்த கதவைப் பார்த்தபடியே சொன்னார். "இத்தனை நாளா நான்தான் அவளைக் கொன்னேன்னு நினைச்சுட்டு இருக்கேன். அதனாலதான் அவங்க கூப்பிட்டப்பவும் போகல. சார் மேல மரியாதைன்னு எழுதினேன். பாதிதான் அது. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இன்னொருத்தன் மேல புகார் சொல்றது?"

பதினான்கு மாதக் கடிதங்களில் இதை அவர் எழுதவே இல்லை. உப்பையும் உருளைக்கிழங்கையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தோம்.

"மன்னிச்சுடுங்க" என்றேன். வாழ்க்கையில் ஆயிரக்கணக்கான தடவை டைப் செய்த சொல். வாயால் சொல்லிப் பழக்கமில்லை.

அவர் ஒன்பது தாள்களையும் தட்டி ஒழுங்காக அடுக்கினார். "இதை நான் வச்சுக்கறேன். கீசர் வாரியத்துக்குத்தான் போகும். நீங்க கிளம்புங்க." கதவு வரை வந்தார். நான் செருப்பை மாட்டும்போது, "இனிமே எழுதாதீங்கம்மா" என்றார். அம்மா என்று சேர்த்துத்தான் சொன்னார். அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

வாரியத்து ஆட்கள் வந்து கீசரைச் சுவரோடு படம் பிடித்துக் கழற்றிப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். விசாரணை நடக்கிறது. நகல்களைக் கொடுத்தது நான்தான் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். என்னை இன்னும் வேலையை விட்டுத் தூக்கவில்லை, இப்போது தூக்கினால் வாரியத்தில் கேள்வி வருமாம். சட்டம் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுகிறார். டப்பாவிலிருந்து பங்கு வருவதில்லை. மத்தியானத்தில் நான் உட்காரும் மேசையில் வேறு யாரும் உட்காருவதும் இல்லை. அந்த மாடலை வாங்கியவர்களின் வாரண்டி கார்டுகள் என் அலமாரியில்தான் இருக்கின்றன. தினமும் இருபது முகவரிக்குத் தபாலட்டை எழுதுகிறேன். புகைக் குழாயைச் சரிபார்க்கும் வரை கீசரைப் போடாதீர்கள், போட்டே ஆக வேண்டுமென்றால் கதவைத் திறந்து வையுங்கள். அவ்வளவுதான் எழுதுகிறேன். முடிய இன்னும் வெகுநாள் ஆகும்.

நேற்று தபாலில் ஒரு படிவம் வந்தது. உறையைப் பார்த்ததும் கையை அடையாளம் தெரிந்துவிட்டது, காகிதத்தின் பின்பக்கம் தட்டுப்படுகிற எழுத்து. பாதிக்கப்பட்ட பொருள்: 'என் மனைவி'. புகார் யார் மீது என்ற கட்டத்தில் இந்த முறை 'தெரியவில்லை' என்று இல்லை. முதல் வரியில் 'கம்பெனி' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, கட்டத்துக்குள் இடம் போதாமல் நெருக்கி, 'இதைப் பிரித்துப் படிக்கிற அம்மா' என்று எழுதியிருந்தார்.

கூடத் தாள் ஏதாவது இருக்கிறதா என்று உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன். எதுவும் இல்லை.

புகார் கிடைத்தது என்று பதில் போட வேண்டியது என் வேலை. கம்பெனித் தாளை மாட்டி டைப் செய்தேன். பழக்கத்தில் கை டிராயரைத் திறந்துவிட்டது. மச்சான் உள்ளே மையோடு கிடந்தார். டிராயரை மூடிவிட்டு, பேனாவை எடுத்து, கடிதத்தின் அடியில் என் பெயரை முழுதாக எழுதினேன். கம்பெனித் தாளில் என் பெயர் வருவது இதுவே முதல் முறை.